வீட்டுப்பாடம் யார் வீட்டுக்கு?

கல்லூரியில் இடம் கிடைப்பதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இடஒதுக்கீடு, கட்டணம், உதவித்தொகை, நுழைவுத் தேர்வு என ஒவ்வொன்றுக்கும் தெருவில் இறங்கியிருக்கிறோம். அந்தப் பேச்சு ஓயக்கூடாது. ஆனால் இடம் கிடைத்த பிறகு என்ன நடக்கிறது? மாலை ஐந்தரை மணிக்கு டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி, முகம் கழுவி, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, ஏழு மணிக்கு அசைன்மெண்ட் தாளை எடுத்து வைத்து உட்காரும் பிள்ளைக்கு முன்னால் என்ன இருக்கிறது? இதைப் பற்றி நம் மேடைகளில் பேசிக் கேட்டது குறைவு.

நான் வணிகவியல் படித்த முதல் தலைமுறைப் பட்டதாரி. வாரத்தில் நான்கு நாள் மாலையில், வடமாவட்டத்துச் சேரி ஒன்றில் இருக்கும் அம்பேத்கர் படிப்பகத்தில் உட்காருகிறேன். டியூஷன் என்று சொல்ல முடியாது. கல்லூரிப் பிள்ளைகள் அவரவர் வீட்டுப்பாடத்தோடு வருவார்கள். பி.காம் வரும், பி.எஸ்சி வேதியியல் வரும், வரலாறு வரும், புள்ளியியல் வரும், எல்லோருக்கும் பொதுவாக ஆங்கிலம் வரும். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததற்குப் பக்கத்து ஊர் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவரையும், எங்கள் பிள்ளைகளிலேயே முன்னால் படித்து முடித்தவர்களையும் பிடிப்போம். சேர்ந்து உட்கார்ந்து கணக்கைப் போடுவோம்.

அப்படிப் போட்ட கணக்குகள் சிலவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்கி நின்றார்கள் என்று பார்த்தால், ‘தகுதி’ என்று ஊரெல்லாம் பேசப்படும் சரக்கு எங்கே தயாராகிறது என்பது விளங்கும்.

காசோலை பார்க்காத வீடு

முதலாண்டு பி.காம் படிக்கும் தங்கை ஒருத்தி வங்கிச் சரிகட்டும் பட்டியல் கணக்கோடு வந்தாள். ரொக்க ஏட்டின்படி இருப்பு 18,500 ரூபாய். கொடுத்த காசோலைகளில் 4,000 ரூபாய்க்கு இன்னும் வங்கியில் செலுத்தப்படவில்லை. வங்கியில் போட்ட காசோலைகளில் 2,500 ரூபாய் இன்னும் வசூலாகவில்லை. வங்கிக் கட்டணம் 150 ரூபாய் ரொக்க ஏட்டில் பதியவில்லை. வங்கிச் செல்லேட்டின்படி இருப்பு எவ்வளவு?

கூட்டல் கழித்தல் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. “அக்கா, ஒரே பணம்தானே? ரெண்டு எடத்துல எப்படிக்கா ரெண்டு மாதிரி இருக்கும்?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அவள் வீட்டில் யாரும் காசோலை எழுதியதில்லை, வாங்கியதில்லை, பார்த்ததுகூட இல்லை. கூலி கையில் வரும், கையோடு போகும். காசோலையைக் கொடுத்த நாளுக்கும் பணம் வங்கியை விட்டுப் போகும் நாளுக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளிதான் இந்தப் பாடம் முழுக்க. அந்த இடைவெளியை வாழ்க்கையில் பார்த்தவர்களை மனதில் வைத்துத்தான் பாடநூல் எழுதப்பட்டிருக்கிறது.

அவள் அம்மா மகளிர் குழுவில் இருக்கிறார். குழு நோட்டில் ‘கட்டியாச்சு’ என்று எழுதியாகிவிட்டது, ஆனால் பணத்தை எடுத்துக்கொண்டு போன அக்கா இன்னும் வங்கிக்குப் போய்ச் சேரவில்லை என்று வைத்துக்கொள் என்றேன். குழு நோட்டில் ஒரு தொகை, வங்கியில் ஒரு தொகை. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். கொடுத்தும் வங்கிக்குப் போகாத 4,000 வங்கியில் இன்னும் இருக்கிறது, கூட்டு. போட்டும் வசூலாகாத 2,500 வங்கிக்கு இன்னும் வரவில்லை, கழி. கட்டணம் 150 வங்கி பிடித்துவிட்டது, கழி. விடை 19,850.

அடுத்தது பற்று, வரவு. பணம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் ‘பற்று’ என்கிறது பாடம். வீட்டுப் பேச்சில் வந்த பணத்துக்கு வரவு என்றுதான் பெயர். தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இது குழப்பும், தமிழ் நன்றாகத் தெரிந்திருந்தால் இன்னும் குழப்பும். ஆனால் மளிகைக் கடை நோட்டை நினைத்துப் பாருங்கள். கடையில் அரிசி, பருப்பு வாங்கியதைக் கடைக்காரர் நம் பெயரில் பற்று எழுதுவார். நாம் பெற்றோம், அதனால் பற்று. பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை என்று வாத்தியார் நடத்தும் விதி அந்த நோட்டில் இருக்கிறது. மாதக் கடைசியில் அந்த நோட்டோடு கடைக்குப் போய் நின்று பழகிய பிள்ளைக்கு இரட்டைப் பதிவு முறையின் முதல் பாடம் ஏற்கெனவே தெரியும். தெரியும் என்று அவளிடம் சொல்ல வகுப்பில் ஆளில்லை.

சராசரி என்னும் பொய்

புள்ளியியல் பாடத்தில் கூட்டுச் சராசரி, இடைநிலை, முகடு மூன்றையும் கண்டுபிடித்து, எது பொருத்தமானது என்று காரணம் சொல்ல வேண்டும். முதல் பாதியை எல்லோரும் சூத்திரம் வைத்துப் போட்டுவிடுவார்கள். ‘காரணம் கூறுக’ என்ற இடத்தில் பேனா நின்றுவிடும். நோட்ஸில் இருக்கும் இரண்டு வரியைப் பார்த்து எழுதுவதோடு முடிந்துபோகும்.

நாங்கள் நோட்ஸை மூடி வைத்துவிட்டு வேறு எண்களை எடுத்துக்கொண்டோம். ஊரும் சேரியும் சேர்த்துப் பத்து வீடு. ஏழு வீட்டுக்குக் காணி நிலம் இல்லை. இரண்டு வீட்டுக்கு ஆளுக்கு ஓர் ஏக்கர். ஒரு வீட்டுக்கு 28 ஏக்கர். மொத்தம் 30 ஏக்கர், பத்தால் வகுத்தால் சராசரி மூன்று ஏக்கர். அந்த ஊரில் எல்லோரும் சிறு விவசாயிகள் என்று ஓர் அதிகாரி இதை வைத்து அறிக்கை எழுதிவிடலாம். மூன்று ஏக்கர் வைத்திருக்கும் வீடு ஒன்றுகூட அங்கே கிடையாது. நிலத்தின் அளவை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் ஐந்தாவது, ஆறாவது வீடுகளைப் பார்த்தால் இடைநிலை பூஜ்யம். அதிகம் தடவை வரும் எண்ணும் பூஜ்யம்தான்.

இதைப் போட்டு முடித்ததும் இரண்டாமாண்டு தம்பி ஒருவன் ‘காரணம் கூறுக’ என்பதற்கு ஒன்றரைப் பக்கம் எழுதினான். ஒரே ஒரு பெரிய எண் கூட்டுச் சராசரியைத் தன் பக்கம் இழுத்துவிடும், பரவல் சமமாக இல்லாத இடத்தில் இடைநிலைதான் நடப்பைக் காட்டும் என்று பாடநூல் சொல்வதைத் தன் சொற்களில் எழுதினான். அவனுடைய பேராசிரியர் அதை வகுப்பில் படித்துக் காட்டியிருக்கிறார். அன்று இரவு படிப்பகத்துக்கு வந்தபோது அவன் நடையே வேறாக இருந்தது.

பாடத்துக்கு வெளியே வாழும் பிள்ளை என்று நாம் நினைக்கும் மாணவர், பல நேரம் பாடத்தின் நடுவில் வாழ்கிறார். ஏற்றத்தாழ்வை அளப்பது எப்படி என்பது புள்ளியியலின் தலையாய கேள்விகளில் ஒன்று. அதற்கு விடை அவர் பிறந்த தெருவிலேயே இருக்கிறது. அதை விடைத்தாளின் மொழிக்குக் கொண்டுவரும் வழியைத்தான் யாராவது உடனிருந்து காட்ட வேண்டும்.

பதினோரு கிராம்

வேதியியல் தங்கையின் கேள்வி ஒரு வரிதான்: ஹைட்ரஜன் சல்பைடின் ஆவி அடர்த்தியைக் கணக்கிடுக. ஹைட்ரஜன் இரண்டு, கந்தகம் 32, மூலக்கூறு நிறை 34. ஆவி அடர்த்தி அதில் பாதி, 17. இரண்டு மதிப்பெண். முடிந்தது.

அவளுடைய மாமா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அதனால் கேள்வி அங்கே முடியவில்லை. “காத்தோட ஒப்பிட்டா எப்படிக்கா?” என்றாள். காற்றின் சராசரி மூலக்கூறு நிறை ஏறக்குறைய 29. 34-ஐ 29-ஆல் வகுத்தால் 1.17. அதாவது அந்த வாயு காற்றைவிடக் கனமானது. காற்றோட்டமில்லாத மூடிய தொட்டியில் அது அடியில் தேங்கும். மூடியைத் திறந்து மேலே நின்று பார்ப்பவருக்கும் ஆபத்து உண்டு. உள்ளே இறங்குபவர்தான் அதற்குள் இறங்குகிறார்.

பாடநூலில் அழுகிய முட்டை நாற்றம் என்று போட்டிருக்கிறது. அளவு கூடினால் இந்த வாயு மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் நேரம்தான் அதிக ஆபத்தான நேரம். தீக்குச்சியைக் கொளுத்திப் போட்டுப் பார்க்கும் வழக்கமும் காப்பாற்றாது. ஹைட்ரஜன் சல்பைடும் எரியும், அதோடு இருக்கும் மீத்தேனும் எரியும். ஆளைக் கொல்லும் அளவு நச்சு இருக்கும்போதும் தீ அணையாமல் எரியலாம்.

பிறகு ஒரு கணக்குப் போட்டோம். நீளம், அகலம், ஆழம் எல்லாம் இரண்டு மீட்டர் என்று ஒரு தொட்டி. கொள்ளளவு எட்டு கன மீட்டர், அதாவது 8,000 லிட்டர். பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு, அதாவது 1,000 பிபிஎம் அளவுக்கு இந்த வாயு இருந்தால் ஓரிரு மூச்சில் மயக்கம் வரும், சில நிமிடங்களில் உயிர் போகும். 8,000 லிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு எட்டு லிட்டர். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு மோல் வாயுவின் கன அளவு சுமார் 24.5 லிட்டர். எட்டை 24.5-ஆல் வகுத்தால் 0.33 மோல். அதை 34-ஆல் பெருக்கினால் 11 கிராம்.

பதினோரு கிராம். அவள் அந்த எண்ணைப் பெட்டி கட்டி அடிக்கோடிட்டாள். யாரும் பேசவில்லை.

கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் வந்தது. சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அதன் பிறகும் ‘விஷவாயு தாக்கி’ என்று செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. மோல் கணக்கு நடத்தும் வகுப்பில் இந்தத் தொட்டி ஏன் வருவதில்லை? பாடத்திட்டம் எழுதியவர்களின் வீட்டிலிருந்து யாரும் அதற்குள் இறங்கியதில்லை. இதைவிடச் சுருக்கமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

உழவர் யார்?

வரலாற்றுத் துறைத் தம்பிக்கு ரயத்துவாரி முறை பற்றி ஐந்து பக்கக் கட்டுரை. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் 1792-க்குப் பிறகு பாராமகால் பகுதியில் தொடங்கியது, பின்னர் சென்னை மாகாணத்தில் பரவியது, ஜமீன்தார் என்ற இடைத்தரகர் இல்லாமல் அரசு நேரடியாக உழவரோடு வைத்துக்கொண்ட ஏற்பாடு. நிறைகள் ஐந்து, குறைகள் ஐந்து. இணையத்திலும் இதுதான், கைடிலும் இதுதான்.

அவனிடம் நான் கேட்டது ஒன்றுதான்: இந்த ‘உழவர்’ என்பவர் யார்? பட்டா யார் பெயரில் இருந்ததோ அவர். ஏர் பிடித்தவர், நாற்று நட்டவர், அறுத்துக் களத்தில் சேர்த்தவர் எல்லாம் படியாளாக, பண்ணையாளாக அந்தப் பட்டாவுக்குக் கீழே இருந்தார்கள். அரசின் ஏட்டில் அவர்களுக்குப் பெயரில்லை. அரசுக்கும் உழுதவருக்கும் நடுவில் இடைத்தரகர் ஒழிந்தார் என்று எழுதினால், உழுதவரை வரலாற்றிலிருந்து ஒழித்துவிட்டு எழுதுகிறோம் என்று பொருள்.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். நிலம் வாங்கவும் தரிசு நிலத்துக்கு விண்ணப்பிக்கவும் அவர்களுக்கு மிராசுதார்கள் எப்படியெல்லாம் குறுக்கே நின்றார்கள் என்று அதில் இருக்கிறது. அதைத் தொடர்ந்து 1892-இல் அரசு ஒதுக்கிய நிலங்களைத்தான் நாம் பஞ்சமி நிலம் என்கிறோம். மாற்றாருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு தரப்பட்ட நிலம் எப்படிக் கைமாறியது என்பதற்காக இன்றும் போராட்டம் நடக்கிறது. 1994-இல் காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். ரயத்துவாரிக் கட்டுரையின் ஆறாவது பக்கம் அது. ஐந்து பக்கம்தான் கேட்டிருந்தார்கள், அவன் ஆறாகவே எழுதிக் கொடுத்தான்.

செய்தவர் இல்லாத வாக்கியம்

ஆங்கிலம் எல்லோருக்கும் பொது எதிரி. செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றும் பயிற்சியில் பத்து வாக்கியம். பூனை எலியைத் தின்றது, எலி பூனையால் தின்னப்பட்டது. பயிற்சியின் கடைசியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: செய்தவர் யார் என்பது முக்கியமில்லை என்றால் ‘பூனையால்’ என்பதை விட்டுவிடலாம்.

அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு அன்றைய தமிழ் நாளிதழை விரித்தோம். ‘இளைஞர் தாக்கப்பட்டார்’. ‘குடிசைகள் தீக்கிரையாக்கப்பட்டன’. ‘கோயிலுக்குள் அனுமதி மறுக்கப்பட்டது’. தாக்கியவர் யார், கொளுத்தியவர் யார், மறுத்தவர் யார்? அடிபட்டவரின் சாதி மட்டும் பல செய்திகளில் இருக்கும். பிள்ளைகள் ஒவ்வொரு தலைப்பையும் செய்வினையாக மாற்றி ஆங்கிலத்தில் எழுதினார்கள். எழுவாயைக் கண்டுபிடித்தால்தான் செய்வினை எழுத முடியும். இலக்கணம் அவர்களுக்குப் பிடிபட்டதே அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு எந்தச் செய்தியைப் படித்தாலும் ‘எழுவாய் எங்கேக்கா?’ என்பது எங்கள் படிப்பகத்தில் வழக்குச் சொல்லாகிவிட்டது.

வீடு என்னும் பள்ளிக்கூடம்

இத்தனை கணக்கிலும் தெரிவது ஒன்று. வீட்டுப்பாடம் என்பது கல்லூரி தன் வேலையில் ஒரு பங்கை வீட்டிடம் ஒப்படைப்பது. நமது நாட்டில் வீடுகள் சாதியால் ஆனவை. ஒரு வீட்டில் அப்பா ஆடிட்டர், சித்தி பேராசிரியை, தாத்தா வக்கீல். அங்கே பிள்ளை கேள்வியை வாயால் கேட்டால் போதும், சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே பதில் வந்துவிடும். அது டியூஷன் என்ற கணக்கில் வராது, உதவி என்ற கணக்கிலும் வராது. மறுநாள் வகுப்பில் அது அந்தப் பிள்ளையின் ‘புத்திசாலித்தனம்’ என்ற பெயரில் எழுந்து நிற்கும். இன்னொரு வீட்டில் ஒரே அறை, ஒரே விளக்கு, கல்லூரி எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாத பெற்றோர். அங்கே வராத பதில், வகுப்பில் ‘கோட்டாவில் வந்தது’ என்ற ஏளனமாக மாறும். பல பல்கலைக்கழகங்களில் அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண் என்பதையும், அதில் அசைன்மெண்டுக்குப் பங்கு உண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டுக்கு மதிப்பெண் போடுகிறார்கள்.

வீட்டையே பள்ளிக்கூடமாக்கும் யோசனை தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிக்க வேண்டும், மீதி நேரம் வீட்டில் குடும்பத் தொழிலைக் கற்க வேண்டும். பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி எதிர்த்தார். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது. அந்தத் திட்டத்தை எதிர்த்தவர்கள் கேட்டது எளிய கேள்வி: செருப்புத் தைப்பவரின் வீட்டில் பிள்ளை எதைக் கற்கும், வக்கீல் வீட்டில் எதைக் கற்கும்? எழுபது ஆண்டுகள் கழித்து அதே கேள்வியைக் கல்லூரி அசைன்மெண்டைப் பார்த்தும் கேட்கலாம். திட்டம் போனது, வீட்டுக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம் போகவில்லை.

பாபாசாகேப் அம்பேத்கரை நாம் தனியாக எழுந்த மாமலையாகவே நினைக்கிறோம். அவருக்கும் வீட்டில் ஓர் ஆள் இருந்தார். தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார், ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். மகனை உட்காரவைத்துப் படிக்க வைத்தார், புத்தகத்துக்காகக் கடன்பட்டார். மஹர்களுக்குக் கல்வி கிடைக்க ராணுவம் ஒரு வாசலாக இருந்தது, 1890-களில் அந்த வாசலும் மூடப்பட்டது. மூடிய பிறகு பிறந்த எத்தனை பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார ஆளில்லாமல் போயிருக்கும்? பிறவி மேதை என்ற பேச்சில் நமக்கு ஏன் நம்பிக்கை இருக்கக் கூடாது என்பதற்கு அம்பேத்கரின் வாழ்க்கையே சான்று.

சில மறுப்புகள்

“ஏழைப் பிராமணப் பிள்ளையும்தான் கஷ்டப்படுகிறான்” என்பார்கள். படுகிறான். பணமில்லாத வீடு எந்தச் சாதியிலும் உண்டு, அந்தப் பிள்ளைக்கும் உதவி வேண்டும். ஆனால் பணமில்லாத வீட்டிலும் படித்த பெரியப்பா ஒருவர் இருப்பதும், நான்கு தலைமுறையாக ஒருவர்கூட இல்லாமல் இருப்பதும் ஒன்றாகிவிடாது. இரண்டாவது நிலைமை தற்செயலாக வந்ததில்லை, படிக்கக் கூடாது என்று விதி வைத்து உண்டாக்கியது.

“எல்லாம்தான் இலவசமாகக் கொடுத்தாச்சே” என்பார்கள். முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை இருக்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அந்த ஆயிரத்தில் பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் போகப் பல பிள்ளைகளின் படிப்பு ஓடுகிறது என்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். அவை வேண்டும், இன்னும் கூடுதலாகவும் வேண்டும். ஆனால் ஆயிரம் ரூபாய் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லித் தராது.

“செல்போனில் எல்லாம் இருக்கிறது, சாட்ஜிபிடி இருக்கிறது” என்பது இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறது. எங்கள் பிள்ளைகளும் அதைக் கேட்கிறார்கள், நானும் கேட்கிறேன். 19,850 என்ற விடையை அது நொடியில் சொல்லும். ஒரே பணம் எப்படி இரண்டு இடத்தில் இரண்டாக இருக்கும் என்ற கேள்வியைக் கேட்கலாம் என்ற தைரியம் பிள்ளைக்கு முதலில் வர வேண்டும். அந்தத் தைரியத்தைக் கொடுப்பவர் எதிரில் உட்கார்ந்து, “நல்ல கேள்வி, எனக்கும் இந்தக் குழப்பம் இருந்துச்சு” என்று சொல்லும் ஒரு மனிதர். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் விடையைப் பார்த்து எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். தேர்வில் அது அரியராக வந்து நிற்கும். இரண்டு அரியர் சேர்ந்தால் “படிப்பு வரல, வேலைக்குப் போ” என்ற பேச்சு வீட்டில் தொடங்கும். பெண் பிள்ளையாக இருந்தால் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள்.

என்ன கேட்கிறோம்?

வீட்டுப்பாடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கைப்பட ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்காமல் எந்தப் பாடமும் வராது. அதை வீட்டின் தலையில் கட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். கல்லூரி நேரத்துக்குள், கால அட்டவணையில் எழுதப்பட்ட ஒரு மணி நேரத்தில், ஆசிரியர் உடனிருக்க அசைன்மெண்ட் போடட்டும். நூலகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கட்டும், அதற்கேற்ற கடைசிப் பேருந்து ஓடட்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதைப் போலவே படிக்கும் அறை இருக்கிறதா, பாடம் சொல்லித்தர ஆள் இருக்கிறாரா என்றும் கேட்போம். ஆங்கிலவழிப் பாடங்களுக்குத் தமிழில் துணைக் குறிப்பு வேண்டும். இதையெல்லாம் கௌரவ விரிவுரையாளர்களின் முதுகில் ஏற்றிவிட்டு ஒதுங்க முடியாது. காலிப் பணியிடங்களை நிரப்பி, இந்த நேரத்தையும் அவர்களின் வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும்.

இது புதுக் கோரிக்கையும் இல்லை. தில்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் சாதிப் பாகுபாடு குறித்து ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு, பட்டியலின, பழங்குடி மாணவர்கள் தங்கள் ஆசிரியர்களிடமிருந்து மற்றவர்களுக்குக் கிடைக்கும் ஆதரவு கிடைக்கவில்லை என்று சொன்னதை 2007-லேயே பதிவு செய்தது. நாட்டின் உச்சியில் இருக்கும் கல்லூரியிலேயே அந்த நிலைமை என்றால், தாலுகா தலைநகரத்துக் கலைக் கல்லூரியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இயக்கத் தோழர்களிடமும் ஒரு வார்த்தை. நம் தெருக்கள் பலவற்றில் அம்பேத்கர் பெயரில் படிப்பகம் இருக்கிறது. அதில் ஏப்ரல் 14-க்கு வெள்ளையடிக்கிறோம், டிசம்பர் 6-க்கு மாலை போடுகிறோம், மற்ற நாளில் பல இடங்களில் பூட்டித்தான் கிடக்கிறது. சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். நீங்கள் படித்தது எந்தப் பாடமாக இருந்தாலும் சரி, வாரத்தில் இரண்டு மாலை போய் உட்காருங்கள். எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாததை யாரிடம் கேட்பது என்று தெரிந்திருந்தால் போதும். ஆதிக்கச் சாதி வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருப்பது அறிவுக்கு மேலாக அந்த ஒன்றுதான்: யாரிடம் கேட்பது என்ற தெளிவு. அதை ஒரு தெருவுக்கே உண்டாக்க நாலு பேர் போதும்.

அம்பேத்கரின் முழக்கத்தைத் தமிழில் நாம் ‘கற்பி’ என்று தொடங்குகிறோம். ‘படி’ என்று அதில் இல்லை. படிக்கச் சொல்லி நம் பிள்ளைகளுக்கு எல்லோரும் அறிவுரை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கற்பி என்ற வேலை நமக்கு இடப்பட்டது. இன்று மாலை ஏழு மணிக்கு எங்கோ ஒரு தெருவிளக்கின் கீழே ஒரு பிள்ளை நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது.